சேர் பட்டமும் சூடைக் கடகமும்

எட தம்பி, இஞ்ச வா. இந்தப் பூவரச நிழலுக்க இரு. ஹெல்மெற்றையும் கழட்டி வை; குச்சவெளிக் கரையில உன்னை ஈட்டியால குத்த ஒருத்தரும் வரப்போறதில்லை. காலமை நடந்த கூத்தை நானும் பார்த்தனான். பார்த்தும் பாராதவன் மாதிரிக் குனிஞ்சு வலை பொத்திக்கொண்டு இருந்தன். கிழவனுக்குக் கண் மங்கல் எண்டு நீங்கள் எல்லாரும் நம்புறது எனக்கு எவ்வளவு வசதி எண்டு உனக்கு இப்ப விளங்காது.

கரைவலை இழுத்து முடிஞ்சு, மீன் பங்கு பிரிச்ச கையோட, அந்த மனுசி தன்ர கடகத்தில சூடையை நிரப்பி மணலில மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு வந்தவ. நீ மோட்டச்சைக்கிளை நிப்பாட்டினாய். குதிரையில இருந்து குதிக்கிற மாதிரிக் குதிச்சாய். ஓடிப்போய், "விடுங்கோ அக்கா, நான் தூக்கிறன்" எண்டு கடகத்தை விளிம்பில பிடிச்சு ஒரே தூக்கு. விளிம்பு உன்ர கையில வந்தது. கடகம் மணலிலயே நிண்டது. சூடை எல்லாம் நாலு பக்கமும் சிதறிப்போச்சு. அந்தக் கடகத்தின்ர வாய்க்கட்டு விட்டுப்போனது அவவுக்குத் தெரியும். அதாலதான் தலையில வைக்காமல், அடியைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தவ. ஏசினவவோ? இல்லை. "நான் கேட்டனானே தம்பி?" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுக் குந்தியிருந்து, ஒவ்வொரு மீனாப் பொறுக்கிக் கடல்தண்ணியில அலசினவ. நீ கையில ஓலை வளையத்தோட நிண்ட நிலை இருக்கே, அதைப் பார்க்க எனக்கு வந்த சிரிப்பில ஊசி விரலில குத்திப்போட்டுது. இந்தா பார், காயம்.

உன்னில பிழை இல்லை. பிழை நீ பேராதனையில இருந்து காவிக்கொண்டு வந்த அந்தத் தலகாணி மொத்தப் புத்தகத்தில. முந்தநாளும் அதுக்கு முதல் நாளும் கரண்ட் இல்லாமல் கிடந்த நேரம், முத்தத்தில பாயை விரிச்சு, ஆதர் ராசா, வட்ட மேசை, நைற், ஷிவல்றி எண்டு ஒரு சாமம் மட்டும் சொன்னாய். நான் எட்டாம் வகுப்போட கடலுக்கு இறங்கினவன். எண்டாலும் எங்கட பண்டிதர் ஐயாவின்ர திண்ணையில புறநானூறு கேட்டு வளர்ந்த காது இது. நீ சொன்னதை எல்லாம் கேட்டுப் படுத்துக் கிடந்து யோசிச்சனான். இப்ப நான் சொல்லுறதைக் கேள். கேட்டுப்போட்டு உன்ர பேராசிரியருக்கு எழுதிறதெண்டால் எழுது. என்ர பேர் போட வேண்டாம்.

முதல்ல அந்தச் சொல்லு. நைற் எண்டால் பழைய ஆங்கிலத்தில பொடியன், வேலைக்கார இளந்தாரி எண்டுதானாம் அர்த்தம். நீதான் சொன்னனீ. அதைக் கேட்ட உடனே எனக்கு அந்தக் கூட்டத்தில பாதி மரியாதை போட்டுது, மீதிப் பாதி கூடிப்போட்டுது. பொடியள் எண்ட சொல்லுக்கு இந்த நாட்டில வேற ஒரு அர்த்தமும் இருந்தது. அதுக்க நான் போகேல்லை. எங்கட சேவகன் எண்ட சொல்லை எடு. கம்பன் இராமனையே சேவகன் எண்டவன். அந்தக் காலத்தில சேவகம் எண்டால் வீரம். இண்டைக்குச் சேவகன் எண்டால் கந்தோரில தேத்தண்ணி கொண்டு வாற ஆள். அவையின்ர சொல்லு அடுப்படியில இருந்து அரண்மனைக்கு ஏறினது. எங்கடது அரண்மனையில இருந்து அடுப்படிக்கு இறங்கினது. ரெண்டும் எங்கயோ நடுப்படியில ஒருக்கால் சந்திச்சிருக்கும்.

அடுத்தது சேர் பட்டம். வெள்ளைக்காரன் எங்கட ஆக்களுக்கும் அதைக் குடுத்தவன். சேர் முத்துக்குமாரசுவாமி, சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம் எண்டு பெரிய வீட்டு ஆக்கள். இவையளும் நைற்மார்தான், குதிரையும் ஈட்டியும் இல்லாத நைற்மார். இப்ப அந்தச் சொல்லுக்கு வந்த கெடுதியைப் பார். கச்சேரிக்குப் போனால் சேர். பள்ளிக்கூடத்துக்குப் போனால் சேர். மோட்டச்சைக்கிளை மறிக்கிற பொலிஸ்காரனும் சேர். ஆதர் ராசாவின்ர வட்ட மேசையில கூட இவ்வளவு சேர்மார் இருந்திருக்க மாட்டினம். ஆனால் நீ இன்னொண்டும் சொன்னனீ, அதுதான் எனக்குப் பிடிச்சது: அந்தச் சேர் எண்ட சொல்லு இலத்தீனில வயதில மூத்தவன் எண்ட சொல்லில இருந்து பிறந்ததாம். அப்ப இந்தக் கரையில உண்மையான சேர் ஆர்? நான்தான். இனிமேல் அப்பு எண்டு கூப்பிடாதை.

சரி, விளையாட்டை விடுவம். நீ சொன்ன ஆக்களுக்குள்ள எனக்குப் பிடிச்ச ஆள் சோசரின்ர நைற். 1400இல செத்துப்போன அந்தப் புலவன் சோசர், கன்ரபெரிக்கு யாத்திரை போற ஒரு கூட்டத்தைப் பாடத் தொடங்கி, முதல் ஆளாய் அந்த நைற்றை நிறுத்துறான். 15 பெரும் போருக்குப் போய் வந்தவன். எண்டாலும் ஆளைப் பார்த்தால் பகட்டு இல்லை. இரும்பு வலைக்கவசம் உரசி உரசி, உடுத்த முரட்டுச் சட்டை முழுக்கக் கறை. சண்டையால வந்தவன் வீட்டுக்குப் போய்க் குளிச்சு உடுப்பு மாத்தாமல் நேரே யாத்திரைக்கு வெளிக்கிட்டிட்டான். அந்தக் கறை படிஞ்ச சட்டையை நீ சொன்ன உடனே எனக்கு ஔவையார் நினைவு வந்தவ.

காஞ்சித் தொண்டைமானிட்ட அதியமானுக்காகத் தூது போன கிழவி அவ. தொண்டைமான் தன்ர ஆயுதசாலையைத் திறந்து காட்டினானாம். வேல் எல்லாம் நெய் பூசி, மயில்பீலி சூட்டி, மாலை போட்டு மினுமினுக்குது. ஔவை பார்த்துப்போட்டு என்ன சொன்னவ? உன்ர வேல் எல்லாம் வடிவாய்க் காவல் மாளிகைக்க இருக்கு. எங்கட ஆளின்ர வேல் முனை முறிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்கு எண்டு. புகழுறாவோ, பகிடி பண்ணுறாவோ எண்டு தொண்டைமானுக்கு விளங்க ஒரு நாள் எடுத்திருக்கும். சோசருக்கு ஔவையைத் தெரிஞ்சிருக்க வழியில்லை. ரெண்டு பேரும் ஆயிரம் வருசத்துக்கு மேல விலகி இருந்தும், கறையையும் முறிவையும் பார்த்துத்தான் ஆளை மதிச்சிருக்கினம்.

இப்ப அந்த நைற்றின்ர மகன். அவனைப் பற்றி நீ கொஞ்சம் அவசரமாய்ச் சொல்லி முடிச்சாய், நான் கவனிச்சனான். வயது இருபது. தலைமயிர் சுருட்டிப் பிடிச்ச மாதிரிச் சுருள். சட்டை முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பூ வேலை. நாள் முழுக்கப் பாட்டு, இல்லாட்டிப் புல்லாங்குழல். இரவில நித்திரை இல்லை, காதல். இந்த ஆளை எனக்கு எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு. ஆனால் அந்தப் பொடியனிட்ட ஒரு நல்ல பழக்கம் இருந்தது தம்பி. தகப்பன் சாப்பிட இருந்தால், முன்னால நிண்டு இறைச்சி வெட்டி வைப்பானாம். வீட்டில ஒரு வேலையாவது செய்திருக்கிறான். உன்ர அம்மா முந்தநாள் இரவு பாத்திரம் கழுவேக்க நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? ஷிவல்றியைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

இனி அந்தச் சத்தியத்துக்கு வருவம். வட்ட மேசை ஆக்கள் ஒவ்வொரு வருசமும் பெந்தகோஸ்தேத் திருநாளுக்கு ஒரு சத்தியம் செய்யவேணும் எண்டு மலோரி எழுதியிருக்கிறான் எண்டனீ. கொலை செய்யக் கூடாது. துரோகம் கூடாது. அடைக்கலம் கேட்டவனுக்கு இரக்கம் காட்ட வேணும். பொம்பிளையளுக்கு உதவி செய்ய வேணும், பலவந்தம் பண்ணக் கூடாது. காசுக்காக அநியாயப் பக்கம் நிண்டு சண்டை பிடிக்கக் கூடாது. நல்ல சத்தியம். ஆனால் ஏன் தம்பி வருசா வருசம்? எங்கட கரையில வலையை வெட்டாதை எண்டு ஒருத்தனிட்ட ஒவ்வொரு வருசமும் சத்தியம் வாங்கினால், அவனைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்?

அதுக்கு மேல, அந்தச் சத்தியத்தை எழுதின கை இருக்கே. ஆதர் ராசாவின்ர கதை முழுக்கத் தொகுத்த சேர் தோமஸ் மலோரி, தன்னைச் சிறையில கிடக்கிற நைற் எண்டு தானே சொல்லி, விடுதலைக்காகக் கடவுளை மண்டாடச் சொல்லி வாசிக்கிற ஆக்களைக் கேட்டிருக்கிறான். புத்தகம் முடிஞ்சது 1470 ஆம் ஆண்டளவில. கக்ஸ்ரன் அதை அச்சில போட்டது 1485இல. அப்ப மலோரி உயிரோட இல்லை. அவன் ஆர் எண்டு தேடினவையளில கனபேர் காட்டுறது வோரிக்ஷயர்ப் பக்கத்து ஒரு நிலக்காரனை. அவனில 1451 ஆம் ஆண்டளவில வந்த குற்றச்சாட்டுகளைக் கேட்டால் தலை சுத்தும். ஒரு பெரிய பிரபுவைக் கொல்லப் பதுங்கியிருந்தது, மடத்தை உடைச்சுக் கொள்ளையடிச்சது, ஒருத்தன்ர பெண்சாதியைப் பலவந்தம் பண்ணினது, மாடு ஆடு கடத்தினது, பிடிச்சு வைச்ச இடத்தில இருந்து அகழிக்க குதிச்சு நீந்தித் தப்பினது. வழக்கு ஒழுங்காய் விளங்கித் தீர்ப்பு வரேல்லை. அதால குற்றவாளி எண்டு நானும் சொல்லேல்லை. அந்தக் காலத்தில எதிரியில என்ன வழக்கும் போடலாம். எந்தக் காலத்திலதான் போட ஏலாது? எண்டாலும், பொம்பிளையளைக் காப்பாத்த வேணும் எண்டு எழுதின பேனைக்கும் இந்தக் குற்றப்பத்திரத்துக்கும் நடுவில இருக்கிற தூரத்தை ஒருக்கால் அளந்து பார்.

அதுக்காக எங்கட பக்கம் சுத்தம் எண்டு நெஞ்சை நிமித்தாதை. மாடு கடத்தினால் அவனுக்கு வழக்கு. எங்கட ஆள் கடத்தினால் வெட்சித் திணை எண்டு இலக்கணமே எழுதி வைச்சிருக்கிறம். பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியை எடு. நெட்டிமையார் எண்ட புலவர் பாடினவர். போர் தொடங்க முதல், பசுக்களும், பார்ப்பாரும், பொம்பிளையளும், நோயாளியளும், பிள்ளை இல்லாதவையளும் அரணுக்குப் போய்ச் சேருங்கோ, நாங்கள் அம்பு விடப்போறம் எண்டு அறிவிக்கிற தர்மவான் அவன் எண்டு ஒரு பாட்டு. என்ன மனுசத்தன்மை எண்டு நெஞ்சு குளிரும். அதே புலவர், அதே ராசா, ஆறு பாட்டுத் தள்ளிப் பார்: எதிரியின்ர தெருவில கழுதையைப் பூட்டி உழுதவன் எண்டு புகழ். அறிவிப்பைக் கேட்டுப் போனவையள் எல்லாம் திரும்பி வரேக்க வீட்டு வாசலில கழுதை உழுத சால் கிடந்திருக்கும். ஷிவல்றியும் இப்பிடித்தான். சண்டைக்கு ஒழுங்கு வைச்சாங்கள். சண்டையை வேண்டாம் எண்டு வைக்கேல்லை.

சத்தியம் எண்டால் எங்கட ஊரிலயும் ஒண்டு கிடக்கு. கடலைப் பார்த்த பாறையில பழைய சமஸ்கிருதக் கல்வெட்டு. ஆயிரத்து இருநூறு வருசத்துக்குக் குறையாத பழசு. பிறவிதோறும் உலகத்தின்ர துன்பத்தைத் தீர்க்க எனக்கு வல்லமை வேணும், பொறுமையும் இரக்கமும் நிறைய வேணும் எண்டு ஒரு ஆள் வேண்டிக்கொண்டு வெட்டுவிச்சது. குதிரை இல்லை, வாள் இல்லை. அந்தக் கல்லு ஆற்ற எண்டு சண்டை பிடிக்க ஆக்கள் இருக்கினம். அதில என்ன எழுதியிருக்கு எண்டு வாசிக்க ஆக்களைக் காணேல்லை. நீ படிச்ச பொடியன், ஒருக்கால் போய்ப் பார். பார்த்துப்போட்டுச் சத்தம் போடாமல் வா.

வட்ட மேசை நைற் கவெய்ன்ர கதையையும் நீ சொன்னனீ. பச்சை மனுசன் ஒருத்தன் அவனிட்டத் தன்ர தலையை வெட்டக் குடுத்து, வெட்டின தலையைத் தானே கையில தூக்கிக்கொண்டு போறானாம். ஒரு வருசத்தில கவெய்ன் தன்ர கழுத்தைக் கொண்டுபோய்க் குடுக்க வேணுமாம். வழியில தங்கின கோட்டையில, பகலில கிடைச்சதை இரவில மாத்திக்கொள்ளுறது எண்டு வீட்டுக்காரனோட பேச்சு. வீட்டுக்காரி குடுத்த முத்தத்தை எல்லாம் நேர்மையாய்ப் புருசனிட்ட ஒப்படைச்சவன், உயிரைக் காக்கும் எண்டு அவ குடுத்த பச்சைப் பட்டியை மட்டும் ஒளிச்சுப்போட்டான். அதுக்குக் கழுத்தில ஒரு சின்னக் கீறல். உயிர் பிழைச்சு வந்து, அந்தப் பட்டியை வெட்கத்தின்ர அடையாளமாய்க் கட்டிக்கொண்டு, ஊரறியத் தன்ர குற்றத்தைச் சொன்னான். அரண்மனையில எல்லாரும் சிரிச்சுப்போட்டு, தாங்களும் ஒவ்வொரு பச்சைப் பட்டி கட்டினவையள். இந்த ஆளில எனக்கு விருப்பம். நீயும் அந்தக் கடக விளிம்பைக் கழுத்தில போட்டுக்கொண்டு ஒரு கிழமை திரி. நாங்களும் ஆளுக்கொண்டு போடுறம்.

அந்தக் கதை எழுதின புலவன்ர பேர் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. அது இருந்த நூல் நிலையம் 1731இல எரிஞ்சபோது அந்தப் பிரதி தப்பினது பெரும் புண்ணியம். 1981இல யாழ்ப்பாணத்தில எரிஞ்சதுக்க அப்பிடி எத்தினை ஒத்தைப் பிரதி போச்சுதோ. சரி, விடு.

நான் இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல் யோசிச்சது வேற கதை. சோசர் சொன்ன டோரிஜன் எண்ட பெட்டையின்ர கதை. பிரித்தானிக் கரையில அவ இருக்கிறா. புருசன் நைற். கலியாணம் முடிச்சு ஒரு வருசத்தில வீரம் காட்டிப் பேர் எடுக்க எண்டு கடல் கடந்து போய் ரெண்டு வருசம் ஆளைக் காணேல்லை. அவ கரையில குந்தியிருந்து, கடலுக்க நிக்கிற கறுத்தப் பாறையளைப் பார்த்துப் பார்த்து நடுங்குறா. அவன்ர கப்பல் இதில மோதினால்? இந்தப் பாறையளை ஏன் கடவுளே படைச்சனீ எண்டு கேக்கிறா. தம்பி, இந்த இடத்தில நீ கதையை ஓட்டமாய்ச் சொல்லிக்கொண்டு போனாய். எனக்கு மேல போக ஏலேல்லை. உன்ர அப்பாச்சி வாடைக்காத்து நாளில இதே கரையில, இதே மாதிரி இருந்தவ. நான் வள்ளத்தை ஏத்தேக்க அவ என்னை ஏசுவா. ஏன் ஏசுறா எண்டு எனக்கு நாப்பது வருசம் விளங்கேல்லை. அவ பயந்ததும் பாறைக்குத்தான். இஞ்ச பாறை எங்க இருக்கெண்டு எங்களுக்குத் தெரியும், காத்துக்குத்தான் தெரியாது.

பிறகு ஒரு இளந்தாரி வாறான், அவளில காதலாம். அவ மாட்டன் எண்டு சொல்லிப்போட்டுப் பிறகு பகிடியாய், இந்தக் கரையில இருக்கிற பாறை எல்லாம் மறைஞ்சால் பார்ப்பம் எண்டு சொல்லிப்போட்டா. அவன் ஆயிரம் பவுண் பேசி ஒரு மந்திரக்காரனைப் பிடிச்சு, பாறையளை மறைச்சுக் காட்டிப்போட்டான். எனக்கு இதில மந்திரம் ஒண்டும் தெரியேல்லை. எங்கட கரையில வத்துப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, பாறை எங்க போகும்? பிரித்தானியின்ர வடகரையில சில இடத்தில பத்து மீற்றருக்கும் மேல கடல் ஏறி இறங்குமாம். நாளும் நேரமும் பார்த்து ஆளைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்தால் எந்தப் பாறையும் மறையும். அந்த மந்திரக்காரன் பஞ்சாங்கம் தெரிஞ்ச கெட்டிக்காரன், அவ்வளவுதான். மறையக் கூடாத பாறை மறைஞ்சதையும் தெரியக் கூடாத பாறை தெரிஞ்சதையும் நாங்கள் 2004 மார்கழி 26 அண்டைக்குப் பார்த்தனாங்கள். அதுக்கு ஒரு மந்திரக்காரனும் காசு வாங்கேல்லை.

இப்ப நைற் வீட்டுக்கு வந்திட்டான். அவ அழுது அழுது நடந்ததைச் சொல்லுறா. அவன் என்ன சொன்னவன்? வாக்குத்தான் மனுசனுக்குப் பெரிசு, நீ சொன்ன சொல்லைக் காப்பாத்து, அவனிட்டப் போ எண்டு. சொல்லிப்போட்டு அவனும் அழுதான். அழுதுகொண்டே, இதை உயிருள்ளவரைக்கும் ஆருக்கும் சொல்லாதை எண்டு வெருட்டினான். அதைக் கவனிச்சனீயோ? வாக்கு பெரிசு, பேர் அதைவிடப் பெரிசு. அவ வழியில அழுதுகொண்டு போறதைப் பார்த்து இளந்தாரிக்கு மனம் இளகி, வேண்டாம் போ எண்டு அனுப்பிவிட்டான். மந்திரக்காரனும் ஆயிரம் பவுணை விட்டிட்டான். கடைசியில கதை கேக்குதாம், இந்த மூண்டு பேருக்குள்ள ஆர் பெருந்தன்மைக்காரன் எண்டு. மூண்டு ஆம்பிளையள்! தன்ர கால் நடந்து போன அந்தப் பொம்பிளையைப் பட்டியலில சேர்க்கவே இல்லை. சோசர் குறும்புக்காரன், வேணுமெண்டுதான் விட்டிருப்பான் எண்டது என்ர எண்ணம்.

நாங்களும் சளைச்ச ஆக்கள் இல்லை. நான் இளந்தாரியாய் யாழ்ப்பாணத்தில நிண்ட காலம், காங்கேசன்துறை வைரமுத்து அரிச்சந்திரனாய் நடிச்ச மயான காண்டத்தை விடிய விடிய இருந்து பார்த்தனான். ஊரே அழுதது, நானும் அழுதனான். சத்தியத்துக்காக நாட்டைக் குடுத்தான், சரி, அது அவன்ர நாடு. சந்திரமதியையும் பிள்ளை லோகிதாசனையும் வித்தானே, அது ஆரைக் கேட்டு? அந்தக் கதையை 1863இல ஆங்கிலத்தில மொழிபெயர்த்து லண்டனில போட்டவர் ஆர் தெரியுமோ? முதல்ல சொன்ன முத்துக்குமாரசுவாமி. பிறகு சேர் பட்டம் வாங்கினவர். வாக்குக்காகப் பெண்சாதியை அனுப்பின நைற்றைத் தந்த நாட்டுக்கு, வாக்குக்காகப் பெண்சாதியை வித்த ராசாவைக் குடுத்திருக்கிறம். கணக்குச் சரி.

பேகனையும் ஒருக்கால் நினை. காட்டு மயில் குளிரில நடுங்குது எண்டு தன்ர போர்வையைப் போத்தினவன். மயில் அதை உடுக்காது, போர்க்காது எண்டு தெரிஞ்சுதான் குடுத்தான் எண்டு பரணர் பாடியிருக்கிறார். மயில் கேட்டதோ? இல்லை. அதே நேரம் அவன்ர பெண்சாதி கண்ணகி வீட்டில அழுதுகொண்டு கிடந்தவ. அவன் வேற ஒருத்தியிட்டப் போட்டான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் எண்டு நாலு புலவர் போய், பரிசில் வேண்டாம், பசியாலயும் வரேல்லை, தேரைப் பூட்டி இண்டைக்கே வீட்டுக்குப் போ எண்டு கேட்டிருக்கினம். புலவர் பரிசிலை மறுத்தது வேற எதுக்கு எண்டு நீ தேடிப் பார். ஆயிரம் நைற்மாரைவிட எனக்கு இந்த நாலு பேரும் பெரிய ஆக்கள். ஈட்டி தூக்கேல்லை. வாசலில நிண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கினம்.

உன்ர சோசரிட்டயும் ஒரு கதை இருக்கு, ஒரு நைற் கேக்கப் பழகின கதை. ஆதர் ராசாவின்ர அரண்மனை நைற் ஒருத்தன் தனியப் போன பெட்டையைப் பலவந்தம் பண்ணிப்போட்டான். சட்டப்படி தலை போக வேணும். ராணி தடுத்து, ஒரு வருசமும் ஒரு நாளும் தவணை குடுக்கிறா: பொம்பிளையள் உள்ளுக்க விரும்புறது என்ன எண்டு போய்க் கேட்டுக்கொண்டு வா. தண்டனை என்ன எண்டு பார்த்தியோ? வீடு வீடாய்ப் போய்க் கேக்கிறது! ஒருத்தி காசு எண்டாளாம், ஒருத்தி உடுப்பு எண்டாளாம், ஒருத்தி புகழ்ச்சி எண்டாளாம். கடைசியில ஒரு கிழவி, புருசனுக்கும் காதலனுக்கும் மேல தங்கட அதிகாரம் நிக்கிறதுதான் எண்டு சொல்லி அவன்ர தலையைக் காப்பாத்தி, அவனையே கலியாணமும் கட்டினா. அந்தக் கிழவியில எனக்கு நல்ல மதிப்பு. ஆனால் கதை தொடங்கேக்க அழுத அந்தப் பெட்டை பிறகு என்ன ஆனாள் எண்டு ஒரு வரி இல்லையாம். நீ பரீட்சைக்கு எழுதேக்க அதைக் கேட்டு எழுது. புள்ளி குறைச்சால் என்னட்ட வா.

சரி, வெயில் ஏறுது. எழும்பு. அந்த மனுசி இப்ப வீட்டில மீனை வித்து முடிச்சிருப்பா. மோட்டச்சைக்கிளைத் தெருவிலயே நிப்பாட்டு, உள்ளுக்க ஓட்டிக்கொண்டு போகாதை, கோழி வெருளும். படலையில நிண்டு கூப்பிடு. மன்னிப்புக் கேக்கிறதை ரெண்டு வரியில முடி, ஆங்கில இலக்கியம் கதைக்காதை. திருகோணமலைச் சந்தையில ஒரு பெரிய பனையோலைக் கடகம் வாங்கிக்கொண்டு வந்து குடுப்பம் எண்டு நீ இப்பவே மனசுக்க நினைச்சுக்கொண்டு நிக்கிறாய், எனக்குத் தெரியும். வாங்க முதல் கேள். பிளாஸ்டிக் பேசின்தான் வேணும் எண்டு சொன்னாலும் சொல்லுவா.